மொய்க்கு மொய் வச்சா வாசகர் வருவாங்களா?

போன வருஷம் ஆடி மாசம் கோபிசெட்டிபாளையத்துல இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. டெய்லர். வீட்டு முன்ரூம்ல ரெண்டு மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கறாங்க, ராத்திரி வேலை முடிஞ்சதும் பிளாகர்ல ஒரு வலைப்பூ வச்சு தையல் குறிப்பு எழுதறாங்க. "தம்பி, முன்னாடி தினம் 30 பேர் வந்துட்டு இருந்தாங்க, இப்ப ஒரு மாசமா 2000 பேர் வராங்க, ஆனா ஒருத்தர் கூட ஒரு டவுட்டும் கேக்கல, எனக்கு என்னமோ ஒரு மாதிரியா இருக்கு"ன்னாங்க.

நான் 14 வருஷமா எஸ்.இ.ஓ. (தேடல்ல ஒரு தளத்த மேல கொண்டு வர்றது), அனலிடிக்ஸ் (யார் வராங்கன்னு கணக்கு பாக்கறது)னு இதே வேலைதான். ஆள் வரலன்னு புலம்பிட்டு வரவங்கதான் எங்கிட்ட ஜாஸ்தி. ஆள் நிறைய வராங்க, ஆனா சரியில்லன்னு வந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். நம்பர் ஏறுச்சுன்னா எவன் கேள்வி கேப்பான்? டெய்லர் கண்ணு வேற போல, அளவெல்லாம் சரியா இருந்தும் எங்கயோ துணி இழுக்குதுன்னா அவங்களுக்கு தெரிஞ்சிடுது.

அன்னிக்கு சாயங்காலமே அக்கா பிளாக்கோட கூகுள் அனலிடிக்ஸ் ரிப்போர்ட்ட திறந்து பாத்தேன். தமிழ்ல பிளவுஸ் கட்டிங் படிக்கிறவங்க முக்கால்வாசி மொபைல்லதான் வருவாங்க, இங்க பாத்தா கிட்டத்தட்ட எல்லாமே டெஸ்க்டாப். ஊர் பாத்தா ரஷ்யா, இந்தோனேசியா, பிரேசில். எல்லாரும் ஹோம் பேஜுக்கு மட்டும் வராங்க, உள்ள ஒரு பதிவக்கூட தொடல, 20 செகண்டு நிக்கறாங்க, போயிடறாங்க. 19 இல்ல, 23 இல்ல, வரிசையா 20. மனுஷன் அப்படி படிக்க மாட்டான், டைமர் வச்ச மெஷின்தான் படிக்கும்.

இதுல ஒரு வேடிக்கை, ஜிஏ4ல, அதாவது இப்ப இருக்கிற கூகுள் அனலிடிக்ஸ்ல, 10 செகண்டுக்கு மேல ஒருத்தர் நின்னாலே அது 'என்கேஜ்டு செஷன்', அதாவது ஆர்வமா பாத்த விசிட், கணக்குல போயிடும். அதனால ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துல எல்லாம் ஜம்முனு பச்சையா தெரியும். நான் எப்பவும் நேரா ஸ்க்ரால் கணக்கதான் பாப்பேன், பக்கத்துல 90 சதவீதம் கீழ இறங்கினாதான் அந்த ஈவென்ட் பதிவாகும். அக்காவோட 2000 பேர்ல கீழ வரைக்கும் போனவங்க பழைய முப்பது பேர விட ஒருத்தர் கூட அதிகமில்ல.

"என்னக்கா பண்ணீங்க, உண்மைய சொல்லுங்க"ன்னேன். யாரோ யூடியூப்ல சொன்னாங்களாம், ஒரு டிராஃபிக் எக்ஸ்சேஞ்ச் சைட்ல சேந்து ஆட்டோசர்ஃப் போட்டு விட்டிருக்காங்க. விஷயம் சிம்பிள்தான், நீங்க ரெண்டு பேரோட பக்கத்த ஆளுக்கு 20 செகண்டு பாத்தா உங்க பக்கத்த ஒருத்தர் பாப்பார், ஆட்டோசர்ஃப்ல நீங்க பாக்கக்கூட வேண்டாம், டேப்ப திறந்து வச்சா அதுவே ஒவ்வொண்ணா ஓட்டிக்கும். கணக்கு போட்டு பாருங்க. ஒரு நாளைக்கு 86400 செகண்டு, 20ஆல வகுத்தா 4320 பக்கம், ரெண்டுக்கு ஒண்ணுன்னா 2160 விசிட். அக்கா வீட்டு கம்ப்யூட்டர் ராத்திரி பகலா ஓடினதுக்கு கெடைச்ச கூலிதான் அந்த 2000. இந்தப் பக்கம் கோபியில ஆளில்லாத ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஜகார்த்தாவுல ஆளில்லாத ஒரு நாற்காலி, ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கு. நடுவுல கரண்ட் பில் மட்டும் ஏறுது.

கையால பண்ணினா யோக்கியமா இருக்குமேன்னு சிலர் கேப்பாங்க. 100 விசிட் வேணும்னா 200 பக்கம், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த நேரத்துல உங்க பக்கத்துக்கு வர்றவரும் உங்கள மாதிரியே டைமர பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவர்தான், உங்க எழுத்த படிக்க வந்தவர் இல்ல. 2007, 2008 வாக்குல என்ட்ரிகார்ட்னு ஒண்ணு வந்துச்சு, ஒவ்வொருத்தர் பிளாக்லயும் போய் நம்ம கார்ட போட்டுட்டு வரணும், ஒரு நாளைக்கு 300 வரைக்கும் போடலாம். விசிட்டிங் கார்டு போட வந்தவன் வீட்டுக்குள்ள உக்காந்து காப்பி குடிச்சுட்டா போவான்?

ஆனா இத பாத்து சிரிக்கிற தகுதி எனக்கும் கிடையாது. 2010ல நானும் ஒரு வலைப்பூ வச்சிருந்தவன்தான். அப்ப தமிழ்ல எழுதறவங்களுக்கு திரட்டிதான் கோயில், எல்லார் வலைப்பூ பதிவையும் ஒரே இடத்துல சேத்து காட்டற தளம் அது. காசி ஆறுமுகம் 2004ல ஆரம்பிச்ச தமிழ்மணம், அப்புறம் தமிழிஷ், அது பின்னாடி இன்ட்லி ஆச்சு, தமிழ்10, உலவு, இன்னும் எத்தனையோ. தமிழ்மணத்துல ஏழு ஓட்டு விழுந்தா வாசகர் பரிந்துரையில நம்ம பதிவு மேல வந்து நிக்கும், அதுக்காக நாங்க பண்ணாத அழும்பு இல்ல. நான் உங்களுக்கு ஓட்டு, நீங்க எனக்கு ஓட்டு. முதல் பின்னூட்டம், அதாவது கமென்ட், போட்டவனுக்கு வடை, 'வடை எனக்கே'ன்னு ஒரு வரி, அதோட சரி. ஓட்டு போட்டதுக்கு ரசீது மாதிரி 'த.ம. 3', 'த.ம. 4'ன்னு (தமிழ்மணத்துல மூணாவது ஓட்டு, நாலாவது ஓட்டு) எழுதி வச்சுட்டு வருவோம், அப்பதான் திருப்பி வைக்கணும்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் அவசரத்துல வரிசையா இருபது பதிவுக்கு 'அருமையான பகிர்வு'ன்னு போட்டுட்டு வந்தேன், அதுல ஒண்ணு ஒரு நண்பர் தன் அப்பா தவறிப்போனத பத்தி எழுதினது. அவர் ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் அவரும் என் பக்கம் வரல. இன்னிக்கு நெனச்சாலும் கூசுது.

இதுக்கு மொய்னு பேர் வச்சதே பதிவர்கள்தான், ரொம்ப சரியான பேர். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில மொய் விருந்து நடக்கும்ல, ஒவ்வொரு பேரும் நோட்டுல ஏறும், நாளைக்கு அவங்க வீட்டு விருந்துக்கு நாம திருப்பி செய்யணும். அது அந்த ஊர்க்காரங்களுக்கு முதல் போடற வழி, வந்த பணத்துல போர் போடலாம், கடை வைக்கலாம். பதிவுலக மொய்யில வந்தது ஒரு கவுன்ட்டர் நம்பர், அத வச்சு ஒண்ணும் வாங்க முடியாது, ஆனா கடன் மட்டும் அதே கடன். ரெண்டு வாரம் ஊருக்கு போயிட்டு வந்தா பின்னூட்டம் நின்னு போச்சு. திரட்டிங்க ஒவ்வொண்ணா ஓஞ்சப்ப மொய்யில வளந்த வலைப்பூக்களும் கூடவே படுத்துடுச்சு. ஒரு சில பேருக்கு மட்டும் ஆள் வந்துக்கிட்டே இருந்துச்சு. வீட்டு பத்திரம் எப்படி எழுதறது, சர்க்கரைக்கு என்ன சாப்பிடலாம், எக்செல்ல என்ன பண்ணலாம்னு யாரோ ஒருத்தர் தேடி வர்ற மாதிரி எழுதினவங்க அவங்க. அன்னிக்கு அவங்களுக்கு ஓட்டு விழுந்ததே இல்ல, நாங்கதான் பெரிய பிரபல பதிவர்கள்!

அந்த மொய்யிலயும் நல்லது இல்லாம இல்ல. எனக்கு கெடைச்ச நல்ல நண்பர்கள் பாதி பேர் அங்க கெடைச்சவங்கதான், ஒருத்தர் எழுத்த ஒருத்தர் நிஜமாவே படிச்சு சண்ட போட்ட நாளும் உண்டு. டைமர் வச்ச எக்ஸ்சேஞ்ச்ல அதுவும் கெடையாது.

சரி, அக்கா கதைக்கு வரேன். நம்பர் ஏமாத்துனது கூட பரவால்ல, அவங்க பிளாக்ல கூகுளோட ஆட்சென்ஸ் விளம்பரம் வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு. 10 டாலர் சேந்து, முகவரி சரிபாக்க பின் நம்பர் வச்ச கவர் தபால்ல வந்து, அத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சிருந்தாங்க பாவம். ஆட்டோசர்ஃப் ஓடின ஆறாவது வாரம் செல்லாத டிராஃபிக்னு ஒரு மெயில், கணக்கு முடங்கிடுச்சு. விளம்பரதாரர் பக்கம் நின்னு பாத்தா அதுல தப்பே இல்ல, ஆளில்லாத நாற்காலிக்கு அவன் எதுக்கு காசு தரணும்? ஆட்சென்ஸ் விதியில ஆட்டோசர்ஃப், காசுக்கு கிளிக், கிளிக் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் கூடாதுன்னு வெளிப்படையாவே எழுதியிருக்கு, தெரிஞ்சவங்கள விட்டு விளம்பரத்த அழுத்த சொல்றதும் அதே தப்புதான். தமிழ் தளங்களுக்கு ஆட்சென்ஸ் முறையா கெடைச்சதே 2018லதான், அத்தனை வருஷம் காத்திருந்து வாங்கினத இப்படி தொலைக்கிறவங்கள நான் வருஷத்துக்கு நாலஞ்சு பேர் பாக்கறேன். அப்பீல் போட ஒரு ஃபார்ம் இருக்கு, அக்கா நடந்தத அப்படியே எழுதி போட்டாங்க. திரும்ப கெடைக்கல.

லிங்க் மாத்திக்கறது பத்தியும் ஒரு வார்த்தை. என் லிங்க் உங்க தளத்துல, உங்க லிங்க் என் தளத்துலன்னு மெயில் வரும், பொதுவா 'சார் ஹை டிஏ சைட் சார்'னு ஆரம்பிக்கும், டிஏன்னா தளத்தோட மதிப்புக்கு போடற ஒரு மார்க்கு. அளவுக்கு மீறி இப்படி மாத்திக்கறது ஸ்பேம்னு கூகுள் விதியிலயே இருக்கு, 2012 ஏப்ரல்ல கூகுள் தன் தேடல் கணக்க மாத்தி பென்குவின் அப்டேட் விட்டப்ப இப்படி செயற்கையா லிங்க் சேத்தவங்க பல பேர் ஒரே ராத்திரியில காணாம போனாங்க. அதுக்காக யாருக்குமே லிங்க் குடுக்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்ல, உங்க வாசகருக்கு அந்த பக்கம் உபயோகம்னா தாராளமா குடுங்க, அவங்களும் உங்களுக்கு குடுத்தா குடுக்கட்டும். இன்னொண்ணு, பின்னூட்டத்துல 'நல்ல பதிவு, என் தளத்துக்கும் வாங்க'ன்னு லிங்க் போட்டுட்டு போறவங்களுக்கு: பின்னூட்ட ஸ்பேம தடுக்கத்தான் 2005லயே கூகுள், யாஹூ, எம்.எஸ்.என். மூணும் நோஃபாலோன்னு ஒண்ண, 'இந்த லிங்க கணக்குல எடுத்துக்காதே'ன்னு தேடுபொறிக்கு சொல்ற ஒரு குறிய, ஏத்துக்கிட்டாங்க. தேடல்ல மேல வர அந்த லிங்க் உதவும்னு நெனச்சு போட்டீங்கன்னா விட்டுடுங்க.

அப்புறம் ஃபேஸ்புக். அக்கா 30 தையல் குரூப்ல சேந்து ஒரே லிங்க 30லயும் ஒட்டியிருந்தாங்க, நாலு குரூப்ல தூக்கிட்டாங்க, மீதியில யாரும் சீண்டல. அதுவும் மொய்தான், நிஜ மொய்யாவது நோட்டுல ஏறுது, இது குப்பையில போகுது. 2018 ஜனவரியில நியூஸ்ஃபீட மாத்தி சொந்தக்காரங்க, நண்பர்கள் போடறதுக்குத்தான் முதலிடம்னு அவங்களே அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் வெறும் லிங்க போட்டா எத்தனை பேர் கண்ணுல படும்? நான் சொன்னது இவ்வளவுதான், "அக்கா, 30 வேண்டாம், மூணு குரூப் போதும். லிங்க மறந்துடுங்க, விஷயத்த அங்கயே சொல்லிடுங்க."

மறுநாள் அவங்க ஒரு போட்டோ போட்டாங்க. மேஜை மேல பச்சை கலர் பின்பக்க துணி, டெய்லர் சாக்ல கோடு, பக்கத்துல இன்ச் டேப். பின் கழுத்து டீப்பா வச்சா ஷோல்டர் ஏன் இறங்குது, கழுத்து எவ்வளவு இறங்குதோ அதுக்கு தகுந்த மாதிரி ஷோல்டர் அளவ எப்படி குறைக்கணும், பின்னாடி கயிறு எங்க வைக்கணும்னு பத்து வரி. 'எனக்கு 40 சைஸ் அக்கா, எனக்கு எவ்வளவு குறைக்கணும்'னு ஒருத்தங்க கேட்டாங்க, அப்புறம் 36, அப்புறம் கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்குன்னு அழாத குறையா ஒரு பொண்ணு. எல்லா சைஸுக்கும் அளவு அட்டவணை பிளாக்ல இருக்குன்னு அப்பதான் கமென்ட்ல லிங்க் குடுத்தாங்க. அன்னிக்கு வந்தது 70 பேர் சொச்சம், ஆனா அட்டவணை இருக்கிற இடம் வரைக்கும் இறங்கி பாத்தவங்க. அதே கேள்விய ஜனங்க எப்படி கேக்கறாங்களோ அதே வார்த்தையில பதிவு தலைப்ப மாத்தச் சொன்னேன், 'டீப் நெக் பிளவுஸ் ஷோல்டர் இறங்காம தைப்பது எப்படி'. அதுக்கு தேடல்ல ஆள் வர மூணு மாசம் ஆச்சு, பொறுமை வேணும், வேற வழி இல்ல.

இன்ஸ்டாகிராம்ல கேப்ஷன்ல லிங்க் போட்டா அழுத்த முடியாது, யூடியூப் ஷார்ட்ஸ் கமென்ட்லயும் 2023 ஆகஸ்ட் கடைசியில இருந்து அதே கதி, ஆக அங்க முகம் காட்டலாம், ஆள் கூட்டிட்டு வர்றது கஷ்டம். வாட்ஸாப் பிராட்காஸ்ட் ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர், அதுவும் உங்க நம்பர சேவ் பண்ணி வச்சவங்களுக்கு மட்டும்தான் போகும். அக்காவுக்கு அது பிரச்னையே இல்ல, துணி குடுத்தவங்க எல்லாரும் டெய்லர் நம்பர சேவ் பண்ணித்தான வச்சிருப்பாங்க! ஆனா வாட்ஸாப்ல இருந்து வர்றவங்க ரிப்போர்ட்ல பெரும்பாலும் 'டைரக்ட்'னுதான் காட்டும், அதனால யுடிஎம் ஒட்டின லிங்க்கா, அதாவது எங்க இருந்து வராங்கன்னு கடைசியில குறிப்பு சேத்த லிங்க்கா, அனுப்ப சொல்லிக் குடுத்தேன்.

எனக்கு பிடிச்ச கொடுக்கல் வாங்கல் ஒண்ணு இந்தக் கதையில இருக்கு. அக்கா லைனிங் வாங்கற கடைக்காரர் அண்ணன் ஒருத்தர், லைனிங் சுருங்குதுன்னு கஸ்டமருங்க அவர்கிட்ட சண்டைக்கு வருவாங்களாம். காட்டன் லைனிங்க தண்ணியில நனைச்சு காயவச்சு அப்புறம்தான் வெட்டணும், அவசரத்துல யாரும் செய்யறதில்ல. அக்கா அத போட்டோவோட ஒரு பதிவா எழுதினாங்க, அவர் அந்த பதிவோட க்யூஆர் கோட பிரின்ட் எடுத்து கல்லா பக்கத்துல ஒட்டிட்டாரு, சண்டைக்கு வர்றவங்ககிட்ட "இத ஸ்கேன் பண்ணி படிங்கம்மா"ன்னு கைய காட்டிடறாராம்.

போன வாரம் அக்கா மறுபடி கூப்பிட்டாங்க, குரல்லயே சந்தோஷம். "தம்பி, நேத்து ஒரு நாள்ல 60 வந்திருக்கு, எந்த மெஷினும் ஓடல, சத்தியமா!" திறந்து பாத்தேன். பிளாகர்ல சொந்த விசிட்ட எண்ணாதேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, ஆனா அது பிரவுசருக்கு பிரவுசர் தனித்தனியா போடணும்.

"அக்கா, புது போன் வாங்கினீங்களா?"

"ஆமா தம்பி, தீபாவளி ஆஃபர்ல. எப்படி தெரியும்?"

"60ல 22 நீங்கதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அப்ப மீதி 38 பேரும் நெஜ ஆளுங்களா?"ன்னாங்க. நெஜந்தான்க்கான்னேன். "சரி தம்பி, அதுல ஒருத்தங்க பிரின்சஸ் கட்ல டவுட் கேட்டிருக்காங்க, நான் பதில் போட்டுட்டு வரேன்"னு போன வச்சுட்டாங்க.