பதில் வராத வாட்ஸ்அப் குழுவும் மனசு விட்டுப்போன ஆசிரியரும்

“வீடியோ போட்டேன் டீச்சர், நாலு பேர்தான் பார்த்திருக்காங்க. இந்தப் பிள்ளைங்களுக்குப் படிக்கிற எண்ணமே இல்லை.” கொரோனாவால் பள்ளிகளை மூடிவிட்டு, மாணவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் பாடம் அனுப்பும் இந்த 2021-இல், இப்படிப் புலம்பாத இளம் ஆசிரியர் எங்கள் வட்டாரத்தில் இல்லை போலிருக்கிறது. நேற்று பேசியவர் வேலையையே விட்டுவிடலாமா என்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குழுவில் பதில் இல்லையென்றால் ஆர்வம் இல்லை என்று யார் சொன்னது? அந்த எண் யாருடையது என்று பாருங்கள். அப்பாவுடையது. காலையில் அவர் கட்டட வேலைக்குக் கிளம்பும்போது போனும் சட்டைப்பையில் ஏறிப் போய்விடும். இருட்டிய பிறகு வீடு வரும்போது சார்ஜ் இருக்காது. இருந்தாலும் பத்தாவது படிக்கும் அக்காவுக்குத்தான் முதல் உரிமை. ரீசார்ஜ் முடிந்துவிட்டால் அதுவும் கிடையாது. சரி, பார்த்ததாகக் காட்டுகிறதே என்கிறீர்களா? திறந்தது அப்பா. கட்டைவிரல் போட்டதும் அவரே.

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினோம். 2021 தொடக்கத்தில் பெரிய வகுப்புகள் மட்டும் கொஞ்ச நாள் நடந்தன. 2021 ஜூனில் இரண்டாம் வகுப்புக்கு வந்த குழந்தை ஒன்றாம் வகுப்பறையில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அதனிடம் போய் ‘ரெஸ்பான்ஸ்’ எதிர்பார்க்கிறோம்!

ஆகவே போன் பண்ணுங்கள். இரவு ஏழரைக்கு மேல், ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள், பெயர்ப்பட்டியல் வரிசையில். எடுத்ததும் “படிச்சியா?” என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பாடு, வீடு, அப்புறம் பாடம். பாடம் ஒளிபரப்பும் அரசின் கல்வித் தொலைக்காட்சிக்கு டேட்டா தேவையில்லை. அன்று என்ன ஓடியது என்று நீங்களும் பார்த்துவிட்டு அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மாமா போனில், ஆடு மேய்த்துக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாடு சொன்னான். பதினாறேழில் தடுக்கி, ஆட்டை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, “நூத்திப் பன்னெண்டு டீச்சர்” என்றான். எனக்கு அந்த வாரம் ஓடியது அதில்தான். வெபினார் சான்றிதழ் எத்தனை சேர்த்தாலும் இந்தச் சந்தோஷம் வராது.

எட்டாவது, ஒன்பதாவது பெண் பிள்ளைகள் தொடர்ந்து கிடைக்கவில்லையென்றால் ‘தொடர்பில் இல்லை’ என்று எழுதி மூடிவிடாதீர்கள். பாடநூல் வாங்க வரும் அம்மாவிடம் விசாரியுங்கள். கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

கடைசியாக, தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் போனால் அரசின் மருத்துவ உதவி எண் 104-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனை உண்டு. பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தயங்க வேண்டாம், நமக்கும்தான்.