வன உரிமைப் பட்டா: யார் கேட்கலாம், எதைச் சான்றாகக் காட்டலாம்?

மலை ஊர்களில் "வனப்பட்டா கொடுக்கிறார்களாம்" என்று பேச்சு வந்தால், அரசாங்கம் புதிதாக நிலம் பிரித்துத் தருகிறது என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் அது இல்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தாத்தா காலத்திலிருந்து உழுதும் தேன் எடுத்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த காட்டில் ஏற்கெனவே இருக்கும் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. காடுகளை அரசுக் காடுகளாக அறிவித்தபோது அங்கே குடியிருந்தவர்களின் உரிமையைப் பதிவு செய்யாமல் விட்டது வரலாற்று அநீதி என்று சட்டத்தின் முகவுரையே சொல்கிறது. ஆகவே இது சலுகை கேட்கும் மனு அல்ல.

யார் கேட்கலாம்? 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலம் அனுபவத்தில் இருக்கும் பழங்குடியினர் கேட்கலாம். பழங்குடி அல்லாதவர்களும் கேட்கலாம். ஆனால் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் குடியிருந்து அதை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அனுபவத்தில் உள்ள அளவுக்குத்தான் பட்டா; அதுவும் 4 ஹெக்டேருக்கு மேல் போகாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்து எழுதப்படும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது.

பெரும்பாலான மனுக்கள் தடுமாறும் இடம் சான்று. "பத்திரம் இருக்கிறதா?" என்று யாராவது கேட்டதும் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். பத்திரம் தேவையில்லை. சட்டத்தின் விதிகளில் உள்ள சான்றுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் போதும். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது இவற்றோடு, நிலத்தில் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்களும் சான்றுதான்: வீடு, கிணறு, வரப்பு, தடுப்பணை, முன்னோரைப் புதைத்த இடம், குலதெய்வக் கோயில். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் செல்லும். என்னைக் கேட்டால், மற்ற காகிதங்களைத் தேடுவதற்கு முன் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அந்தப் பெரியவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். சாமையும் ராகியும் விதைத்து, மண் தேறட்டும் என்று சில வருஷம் சும்மா விட்ட நிலம் மேலிருந்து பார்த்தால் புதராகத்தான் தெரியும். மர நிழலில் மிளகு வைத்தவருடைய தோட்டம் வெறும் காடாகத் தெரியும். கொங்குப் பக்கம் மானாவாரி நிலத்துக்கே காடு என்றுதான் பெயர். அந்த வித்தியாசம் படத்துக்குத் தெரியாது. 2012-ல் திருத்திய விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: படம் மற்ற சான்றுகளுக்குத் துணை, மாற்று அல்ல.

சரி, எங்கே கொடுப்பது? கிராம சபையில்தான் தொடங்க வேண்டும். அது தேர்ந்தெடுக்கும் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவிடம் மனு போகும். படிவத்துக்குக் காசு கிடையாது. குழு நேரில் வந்து நிலத்தைப் பார்க்கும். வனத்துறை, வருவாய்த்துறை ஆட்களும் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். பிறகு கிராம சபைத் தீர்மானம், கோட்ட அளவிலான குழு, கடைசியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. எந்தப் பதவியில் இருந்தாலும் ஒரு தனி அதிகாரி மனுவைத் தள்ளுபடி செய்ய முடியாது. அப்புறம் ஒன்று: பதிவேட்டில் ஏறாத, அளக்கப்படாத பழைய குடியிருப்பும் இந்தச் சட்டத்தில் கிராமம்தான்.

தனிப் பட்டாவைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் சமூக உரிமை மறந்துபோகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. தேன், மெழுகு, மூங்கில், மூலிகை, கிழங்கு எடுத்து விற்கும் உரிமை, மேய்ச்சல், மீன்பிடிப்பு, ஊர் வழக்கமாகக் காத்துவந்த காட்டைத் தானே நிர்வகிக்கும் உரிமை எல்லாம் இதில் வரும். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு ஏக்கர் கிடைத்தாலும், சுற்றியுள்ள காட்டில் கால் வைக்க அனுமதி கேட்க வேண்டியிருந்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடியினரின் ஊர், 2009-ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை வாங்கியது. 2011-லிருந்து மூங்கிலைத் தானே வெட்டி விற்கிறது. ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்று 2013-ல் கேட்டபோது 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. சமூக உரிமைக்குப் படிவம் வேறு: தனி நிலத்துக்கு அ, சமூக உரிமைக்கு ஆ, காட்டு வள நிர்வாகத்துக்கு இ. மூன்றையும் ஒரே கிராம சபையில் கொடுக்கலாம்.

மனு விசாரணையில் இருக்கும்வரை நிலத்திலிருந்து யாரையும் வெளியேற்றக் கூடாது. சட்டத்தின் 4(5) பிரிவு அதைத் தடுக்கிறது. தள்ளுபடி ஆனால் காரணத்தை விவரமாக எழுதி, உங்களிடம் நேரில் தர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், எழுதிக் கேளுங்கள். கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்குழுவிடம் முறையிடலாம்; குழு நினைத்தால் இன்னும் 30 நாள் கொடுக்கும். மனுவின் நகலையும், தேதி போட்ட ஒப்புகைச் சீட்டையும் நனையாத இடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.