படம் எடுக்கப் போகும் முன் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்

என் புகைப்படப் பயிற்சிக்கு வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள், அது எங்கே இரை தேடும், எந்தப் பக்கம் திரும்பும் என்று நான் திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். இயற்கைப் படங்கள் பெரும்பாலும் சொதப்புவது அங்கேதான்.

பறவையையே எடுத்துக்கொள்வோம். பறவைகள் பொதுவாகக் காற்றை எதிர்த்துத்தான் மேலெழும்பும், இறங்கும்போதும் அப்படித்தான். இது தெரிந்தவர் காற்று தன் முதுகில் படும்படி நிற்பார். பறவை அவர் பக்கம் முகம் காட்டி எழும். தெரியாதவர் வாலைப் படம் எடுத்துக்கொண்டு வருவார். கிளையில் வெகுநேரமாக அசையாமல் இருக்கும் பருந்து எச்சமிட்டால் ஷட்டரில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் அடுத்த நொடி அது பறக்கும். கேட்க அழகாக இல்லைதான், ஆனால் உதவும்.

தும்பியைத் துரத்திப் பயனில்லை. பல வகைத் தும்பிகள் ஒரு சுற்றுப் பறந்துவிட்டு மறுபடி அதே குச்சி நுனிக்கே வந்து உட்காரும். குச்சியில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் காத்திருங்கள். விடிகாலைக் குளிரில் உடல் சூடேறும்வரை அவற்றால் சரியாகப் பறக்க முடியாது என்பதால், மிக அருகில் வைத்து எடுக்கும் மேக்ரோ படத்துக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை.

இதையெல்லாம் எங்கே தெரிந்துகொள்வது? உயிரினங்களை அடையாளம் காண உதவும் களக்கையேட்டில் படத்தை மட்டும் பார்க்காமல் வாழிடம், உணவு, இனப்பெருக்கக் காலம் பற்றிய வரிகளையும் படியுங்கள். ஒரு பறவை ஓரிடத்தில் எந்த மாதங்களில் அதிகம் தென்படுகிறது என்பதை, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதிவு செய்யும் இபேர்ட் (eBird) இணையதளம் காட்டிவிடும். அப்புறம், அந்த இடத்திலேயே நாள் முழுக்க இருக்கும் மீனவர், ஆடு மேய்ப்பவர், வனக் காவலர் ஆகியோரிடம் பேசுங்கள். என் அனுபவத்தில் இவர்கள் சொல்வது எந்தச் செயலியையும்விடத் துல்லியமாக இருக்கும்.

நிலக்காட்சிக்குக் கொஞ்சம் வானியல் வேண்டும். நிலவு ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி உதிப்பதால், அது சற்று மேலே வருவதற்குள் நிலம் இருட்டிவிடும். முந்தின நாள் மாலையே போனால் நிலவும் இருக்கும், மலையில் வெயிலும் இருக்கும். 1941-ல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலவு எழுந்திருப்பதை அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் கண்டபோது, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி அவர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியின் அலகு) என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்தே எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விட வேண்டிய ஒளியின் அளவை, கணக்கிட்டு எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது.

பயணப் படங்களுக்கும் இதே கதைதான். போகிற இடத்தில் ட்ரைபாடுக்கும் டிரோனுக்கும் அனுமதி உண்டா, வழிபாட்டு இடங்களில் எதைப் படம் எடுக்கக்கூடாது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எடுத்த படங்களையும் பாருங்கள், ஆனால் அளவோடு. நிறையப் பார்த்தால் நம் கால் தானாகவே அவர்கள் நின்ற இடத்தில் போய் நின்றுவிடும்.

இப்படித் தெரிந்துகொள்வதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உள்ள ஹார்ஸ்டெயில் அருவி பிப்ரவரியின் பிற்பாதியில் சில நாட்கள் மட்டும், மாலை வெயில் பட்டு நெருப்பு ஒழுகுவது போல ஒளிரும். தண்ணீரும் விழ வேண்டும், மேற்கு வானமும் தெளிவாக இருக்க வேண்டும். இது ஊரறிந்த செய்தியானதும் கூட்டம் குவிந்து ஆற்றங்கரையையும் செடிகளையும் மிதித்துப் பாழாக்கியது. பூங்கா நிர்வாகம் அங்கே கட்டுப்பாடுகள் விதிக்க வேண்டியதாயிற்று.

கூட்டின் பக்கம் போகிறவர்கள் அந்தப் பறவையின் எச்சரிக்கைக் குரலை முன்பே கேட்டுப் பழகிக்கொள்ள வேண்டும். அலகில் இரையோடு வந்த தாய்ப் பறவை கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையிலேயே தயங்கி நின்றால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டை என் பயிற்சிகளில் படம் எடுக்க விடுவதே இல்லை. அரிய உயிரினங்களின் படத்தைப் பகிரும்போது, கைபேசி அதில் பதித்து வைத்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். வேட்டைக்காரர்களும் இணையத்தில் தேடுகிறார்கள்.