மீன் தொட்டிச் செடிக்கு எது பற்றவில்லை?

தொட்டியில் நட்ட செடி இரண்டு வாரத்தில் கூழாகிப்போனால், பெரும்பாலும் பழி விளக்கின் மேல்தான் விழும். இன்னும் பிரகாசமான விளக்கு வாங்கி, நாலு மணி நேரம் கூடுதலாக எரிய விடுவோம். செடி தேறாது, கண்ணாடியில் பாசிதான் செழிக்கும்.

முதலில் அந்தக் கூழைப் பார்ப்போம். விற்பனைக்கு வரும் நீர்ச்செடிகளில் பல, வேர் ஈரத்திலும் இலை காற்றிலுமாகப் பண்ணையில் வளர்ந்தவை. அந்த இலைகளின் மெழுகுப் பூச்சும் இலைத்துளைகளும் காற்றுக்கு ஏற்றவை. நீரில் மூழ்கியதும் செடி அவற்றைக் கைவிட்டு, மெல்லிய புது இலைகளை விடுகிறது. கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி மொத்தமும் கரைந்துபோன பிறகும் வேரடியிலிருந்து துளிர்க்கும். ஆகவே அழுகிய இலையை மட்டும் எடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

துளிர் வந்த பிறகுதான் உண்மையான பஞ்சம் தொடங்குகிறது: செடியின் உணவுக்கு வேண்டிய கரியமில வாயுவுக்கு. ஒரு லிட்டர் காற்றில் உள்ள கரியமில வாயுவும், அந்தக் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான். நீரில் சுமார் 0.6 மில்லிகிராம். பிறகு எப்படிப் பஞ்சம் வரும்? வாயு நகரும் வேகத்தால். காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இலையை ஒட்டி அசையாத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் போர்த்தியிருக்கும். அதிலுள்ள வாயுவை இலை உறிஞ்சியதும், அடுத்தது வந்து சேர நேரமாகும். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்தாயிற்று, பரிமாறுபவரைக் காணோம் என்கிற நிலை.

நீர் மெல்ல ஓடினால் அந்தப் படலம் மெலியும். அதனால்தான் வடிகட்டியின் நீரோட்டம் செடிகள்மேல் தவழ்ந்து போகும்படி வைக்கச் சொல்கிறார்கள். சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவைக் கலப்பவர்கள் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். அதற்கு மேல் போனால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இருட்டில் செடி கரியமில வாயுவை வெளியே விடுமே தவிர உணவாக்காது; ஆகவே இரவில் வால்வை மூடிவிட வேண்டும்.

சிலிண்டர் வேண்டாம் என்றால் விளக்கைக் குறைப்பதுதான் என் யோசனை. கார்பன் இல்லாமல் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் செடியால் அதைப் பயன்படுத்த முடியாது. குறைவான கார்பனிலும் பிழைக்கும் பாசி பயன்படுத்திக்கொள்ளும். தினம் 6 முதல் 8 மணி நேர வெளிச்சம் போதும். செடியையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம். வாலிஸ்னேரியா, நீரில் கரைந்த பைகார்பனேட் என்ற கார்பன் உப்பிலிருந்தே கார்பனைப் பிரித்தெடுக்கும். கடின நீர் அதற்குக் கொண்டாட்டம். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் மெதுவாக வளர்பவை, பசியும் குறைவு. அவற்றின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள்.

உரத்தில் பாதி மீனே தருகிறது: கழிவிலிருந்து வரும் அம்மோனியம் செடிக்குப் பிடித்த நைட்ரஜன். புது இலை வெளுத்தால் இரும்புச்சத்தையும், பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜனையும் சந்தேகிக்கலாம்.

எல்லாம் கூடிவந்தால், மதியத்துக்கு மேல் இலையிலிருந்து சின்னக் குமிழிகள் சரம்சரமாக எழும். நீர் இனி ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஒளிச்சேர்க்கை நடக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் மாற்றிய கையோடு கண்ணாடியிலும் கல்லிலும்கூடக் குமிழி ஒட்டியிருந்தால் மகிழ வேண்டாம். அது புதுத் தண்ணீரில் கரைந்து வந்த காற்று.