ஷேக்கர்: குலுக்கியா, தூவியா?

வீட்டிலேயே பார்பிக்யூ ரப், அதாவது சுடும் இறைச்சியின்மேல் போடும் உலர்ந்த மசாலாக் கலவை, கலந்து வைத்துவிட்டு, அதைப் போட்டு வைக்க ஷேக்கர், அதாவது மூடியில் துளையுள்ள டப்பா, தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷேக்கருக்குத் தமிழில் என்ன என்று கேட்டால் சட்டென்று வரும் பதில் 'குலுக்கி'. ஷேக் என்றால் குலுக்கு, ஷேக்கர் என்றால் குலுக்கி, கணக்கு முடிந்தது. ஆனால் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "அந்தக் குலுக்கியை இப்படிக் கொடு." டப்பா நினைவுக்கு வரவில்லை, குலுக்கி மினுக்கி நடக்கிற யாரோதான் வருகிறார்கள். எனக்கு இந்தச் சொல்லோடு இருக்கும் பெரிய தகராறு அதுகூட இல்லை. ஷேக்கர் என்ற ஆங்கிலப் பெயரே அந்தப் பாத்திரத்தின் வேலையைச் சொல்லவில்லை, அதன் குறையைத்தான் சொல்கிறது. அதை அப்படியே மொழிபெயர்த்தால் குறையும் சேர்ந்தே வந்துவிடும்.

எப்படி என்று பார்ப்போம். ஷேக் பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிற சொல். அப்போது அதற்கு ஆட்டுவது, அசைப்பது என்பதோடு விரைந்து போவது, ஓடிப்போவது என்ற பொருளும் இருந்தது. அதோடு செய்பவரைக் குறிக்கும் விகுதி ஒட்டி ஷேக்கர் ஆனது. மேசைமேல் இருக்கும் உப்புப் புட்டிக்கு இந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில்தான் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பே அங்கே ஷேக்கர் என்றால் ஒரு கிறிஸ்தவச் சபை. வழிபாட்டில் உடல் குலுங்க ஆடியதால் வந்த பெயர், 1774இல் இங்கிலாந்திலிருந்து போய் இறங்கியவர்கள், மரச்சாமான் செய்வதில் பேர் வாங்கியவர்கள். அதனால்தான் இன்றைக்கு இணையத்தில் வெறுமனே ஷேக்கர் என்று தேடினால் புரோட்டீன் கலக்கும் புட்டி ஒரு பக்கம், காக்டெய்ல் பாத்திரம் இன்னொரு பக்கம், நடுவில் சம்பந்தமே இல்லாமல் அலமாரிக் கதவும் முட்டை வடிவ மரப்பெட்டியும் வந்து நிற்கின்றன. கதவும் மரப்பெட்டியும் அந்தச் சபையார் பாணி. உங்கள் மிளகாய்ப் பொடிக்கு உதவாது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி, அதே ஆங்கிலத்தில் இதைவிட நல்ல சொல் முன்பே இருந்தது என்பது. காஸ்டர். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டு மேசைகளில் வெள்ளியில் செய்து வைத்திருந்தார்கள். மூடியில் துளைகள், உள்ளே சர்க்கரையோ மிளகுப் பொடியோ. காஸ்ட் என்றால் வீசு, எறி. விதையை வீசி விதைக்கிறோமே, அந்த வீச்சு. அதாவது கை என்ன செய்கிறது என்பதைவிட, பொடிக்கு என்ன ஆகிறது என்பதை வைத்து வந்த பெயர். அந்தத் துளைகளில் இறங்கும் அளவுக்கு நைசாக இருந்ததால்தான் அந்தச் சர்க்கரைக்கே காஸ்டர் சுகர் என்று பெயர் வந்தது. துளை பொடிக்குப் பெயர் வைத்திருக்கிறது, பாருங்கள்! இதே குடும்பத்தில் டிரெட்ஜர் என்று ஒன்று உண்டு, மாவு தூவுகிற உலோக டப்பா, உணவகச் சமையலறைகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. ஆற்றில் மண் அள்ளும் டிரெட்ஜர் வேறு சொல், எழுத்து மட்டும்தான் ஒன்று.

பிறகு ஏன் குலுக்கல் உள்ளே வந்தது? உப்பால். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும், ஈரம் குறைந்ததும் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். திறந்த கிண்ணத்தில் இருந்தவரை அது பெரிய தொல்லை இல்லை, கிள்ளி எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். துளை மூடிக்குள் போனதும் கட்டியை உடைக்கக் குலுக்க வேண்டியதாயிற்று. மேசன் ஜாடி என்று இன்றும் விற்கிறதே, அந்த ஜான் லாண்டிஸ் மேசன் 1858இல் திருகு மூடிக் கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார், துளையிட்ட திருகு மூடி உப்புப் புட்டியும் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுகிறது. 1911இல் மார்ட்டன் உப்பு நிறுவனம் மக்னீசியம் கார்பனேட் சேர்த்து உப்பைக் கட்டிப்படாமல் கொட்டும்படி ஆக்கியது. அதற்கப்புறம் குலுக்க வேண்டிய அவசியம் பாதி போய்விட்டது. பெயர் மட்டும் போகவில்லை.

ரப் என்ற சொல்லிலும் இதே கோளாறு. ரப் என்றால் தேய். ஆனால் உலர்ந்த மசாலாவை இறைச்சியில் போட்டுத் தேய்த்தால் பொடி ஈரத்தில் திரண்டு ஓரிடத்தில் அப்பிக்கொள்ளும், இன்னோரிடம் வெறுமையாகக் கிடக்கும். ஓரடி உயரத்திலிருந்து சீராகத் தூவிவிட்டு உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் போதும். ஆக, பொடியின் பெயரில் தேய்ப்பது, டப்பாவின் பெயரில் குலுக்குவது, உண்மையில் நடப்பது தூவுவது.

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் இந்த வேலைக்கு வினைச்சொல் பஞ்சமே இல்லை. திரவமானால் தெளிக்கிறோம், பொடியோ பூவோ விதையோ ஆனால் தூவுகிறோம், பதர் போகத் தூற்றுகிறோம், துணியை உதறுகிறோம், உண்டியலைக் குலுக்குகிறோம். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் உடனே உறுத்தும். உப்பைத் தெளி என்றால் உப்புத் தண்ணீரைத்தான் தெளிப்பார்கள். தெளிப்பான் என்ற சொல் மருந்தடிக்கும் கருவிக்கும் நீர்ப்பாசனத்துக்கும் ஏற்கெனவே போய்விட்டது, அது சரியான இடமும்கூட. குலுக்கு என்பதில் உள்ளே இருப்பது வெளியே வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, உள்ளேயே உருண்டு புரண்டால் போதும். காக்டெய்ல் பாத்திரத்தையும் புரோட்டீன் புட்டியையும் குலுக்குகுப்பி என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன், அவற்றின் வேலை அதுதான். மசாலாப் புட்டிக்கு மட்டும் அது பொருந்தாது.

அப்படியானால் தூவி? ஒலி அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தூவி என்றால் பழந்தமிழில் பறவையின் மெல்லிறகு, 1120ஆம் குறளில் அன்னத்தின் தூவி அனிச்சத்தோடு சேர்ந்து வருகிறது. தூவல் என்று வைக்கலாமா என்றால், இறகு என்ற பொருளை வைத்துத் தனித்தமிழ் எழுதுகிறவர்கள் பேனாவுக்குத் தூவல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே ஒரு வேடிக்கை: ஐரோப்பாவில் இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில், தாளில் மை பரவாமல் இருக்கவும் காயவும் நைசான பொடியைத் தூவுவார்கள். அதற்கென்று துளை மூடி போட்ட செப்பு ஒன்று, சின்னச் சிமிழ்தான், மேசையில் இருக்கும், பார்க்க இன்றைய மிளகுப் புட்டி மாதிரியே. தூவலும் தூவியும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்திருக்கின்றன, தமிழில் பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை.

என் ஓட்டு தூவுகுப்பிக்கு. எழுதுகோல், ஊறுகாய், குடிநீர் வரிசையில் இது வினைத்தொகை, அதனால் நடுவில் ஒற்று மிகாது, தூவுக்குப்பி என்று எழுதிவிடாதீர்கள். தகரத்தில் இருந்தால் தூவுடப்பா என்று சொல்லிக்கொள்ளுங்கள், டப்பா தமிழ்ச்சொல் இல்லையே என்று நெளிகிறவர்களுக்குத் தூவுசெப்பு இருக்கிறது. மூடியை மட்டும் தனியாக வாங்குகிறவர்களுக்குத் தூவுமூடி. ரப்புக்குத் தூவுபொடி. ஒரே வேரில் மூன்றும் அடங்குகின்றன.

பெயரை மாற்றியதும் கடையில் கண் போகும் இடமும் மாறும். குலுக்கி என்று நினைத்துப் போனால் கைப்பிடி, வடிவம், கைக்கு அடக்கமா என்று பார்ப்பீர்கள். தூவுகுப்பி என்று நினைத்தால் நேராகத் துளையைப் பார்ப்பீர்கள், பார்க்க வேண்டியதும் அதைத்தான். பார்பிக்யூக்காரர்கள் விரும்பும் 16 மெஷ் மிளகு என்பது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையை ஒட்டிய கொரகொரப்பு. அப்படியானால் 2 மில்லிமீட்டர் துளை போதுமே என்று தோன்றும். போதாது. இரண்டு மூன்று பரல்கள் துளை வாயில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து வளைவுப் பாலம் மாதிரி நின்றுகொண்டு மற்றதையும் அடைத்துவிடும். நாம் குலுக்குவதெல்லாம் அந்தப் பாலத்தை உடைக்கத்தான். கொரகொரப்பான கலவைக்குத் துளை தாராளமாக, பரலைப் போலச் சில மடங்கு பெரிதாக இருக்கட்டும். வெறும் பூண்டுப் பொடி, பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி) மாதிரி நைசான கலவைக்கு அதே பெரிய துளை ஆபத்து, ஒரே கவிழ்ப்பில் குவியலாகக் கொட்டும். இரண்டு வகையும் கலக்கிறீர்கள் என்றால் இரண்டு மூடி வாங்குவதுதான் வழி, எல்லாவற்றுக்கும் ஒரே மூடி என்று விற்பதை நான் நம்புவதில்லை.

குலுக்குவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பல அளவுப் பரல் கலந்த பொடியை ஆட்ட ஆட்ட நைசானது இடுக்குகளில் நழுவிக் கீழே போகும், பெரியது மேலே ஏறும், பிரேசில் நட் விளைவு என்பார்கள். கவிழ்த்துப் பிடித்த குப்பியில் கீழே இருப்பது மூடி. அதனால் முதலில் நைசான பொடி விழுகிறது, குப்பியின் அடிப்பக்கத்தில் மிளகும் விதைத் துண்டும் தங்கிவிடுகின்றன. முதல் துண்டு இறைச்சி ஒரு ருசி, கடைசித் துண்டு வேறு ருசி. முக்கால் வரை மட்டும் நிரப்பி, தூவும் முன் குப்பியைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டினால் ஓரளவு சமாளிக்கலாம்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணாடி வாசனையையும் நிறத்தையும் பிடித்து வைக்காது, கை நழுவினால் மட்டும் போச்சு. பிளாஸ்டிக்கில் பாப்ரிகாவின் எண்ணெய்ச் சிவப்பு ஏறிவிடும், நைசான பொடி நிலைமின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டும் நிற்கும், ஆனால் அடுப்பு ஓரத்தில் வேலை செய்ய அதுவே தோது. அலுமினியத்தையும் மட்டமான தகரத்தையும் உப்பு அரிக்கும். தெளிந்த குப்பி என்றால் வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், பாப்ரிகா வெளுத்துவிடும்.

மூடி தனியாக வாங்குகிறவர்கள் வாய் அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மசாலாப் புட்டிகளில் 53/485, 63/485 என்று எழுதியிருக்கும். முதல் எண் வாயின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது மரையின் (திருகு வரியின்) வகை, இரண்டும் பொருந்த வேண்டும். மேசன் ஜாடியில் சாதாரண வாய் 70, அகல வாய் 86 மில்லிமீட்டர். மரை சரியாகக் கவ்வாத ஒரு மூடியை நம்பி நான் ஒருமுறை கவிழ்த்தேன், மூடியோடு அரைக் குப்பி ரப்பும் ஒரே விலா எலும்பின்மேல் இறங்கியது. அதைப் போலவே குப்பியில் போட்ட 16 அவுன்ஸ் கொள்ளளவு, எடை இல்லை. 100 மில்லியில் உப்பு சுமார் 120 கிராம் பிடிக்கும், பாப்ரிகா 50 கிராம்கூடப் பிடிக்காது.

ஒரு பக்கம் துளை, மறுபக்கம் கரண்டி போகிற அகலத் திறப்பு என்று இரட்டை மடல் மூடி கிடைத்தால் வாங்குங்கள். பழுப்புச் சர்க்கரை அதிகமுள்ள கலவை அதிலுள்ள மொலாசஸ் என்ற கரும்புப் பாகின் ஈரத்தில் எப்படியும் கட்டிப்படும், அப்போது குலுக்கிக் கையை ஒடித்துக்கொள்ளாமல் கரண்டியால் உடைத்து எடுக்கலாம். சூடான கம்பித் தட்டுக்கு நேர்மேலே குப்பியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் இதே கதைதான், ஆவி துளை வழியே உள்ளே ஏறிப் பொடியைக் களியாக்கும். அப்புறம் கை சுத்தம். பச்சை இறைச்சியைத் தொட்ட கை குப்பியைத் தொடக் கூடாது. ஒரு கை இறைச்சிக்கு, இன்னொரு கை தூவுவதற்கு. இரண்டு கையும் அழுக்காகிவிடும் என்று தெரிந்தால் வேண்டிய அளவை முன்கூட்டியே ஒரு சின்னக் கிண்ணத்தில் தூவி வைத்துக்கொள்ளுங்கள், மிஞ்சியதைக் குப்பியில் திரும்பக் கொட்டாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.