தண்ணீரை எங்கே வைத்திருக்கிறது இந்தச் செடி?

போன ஜனவரியில் ஒரு நாள் காலை கதவைத் திறந்தபோது, முற்றத்துப் புல் முழுக்க உப்புத் தூவியதுபோல வெள்ளையாகக் கிடந்தது. ஊட்டி காந்தலில், பள்ளத்தில் இருக்கிற வீடு எங்களுடையது. உறைபனி எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் வாசலோரம் வரிசையாக நட்டிருந்த எச்சிவேரியாவைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக நிற்கும் அதன் தடித்த இலைகள் கண்ணாடிபோல ஊடுருவித் தெரிந்தன. வெயில் ஏறியதும் வெந்த கத்தரிக்காயாகத் துவண்டு, இரண்டே நாளில் கறுத்துக் கூழாகிவிட்டன.

ஒரு முழம் தள்ளி அகபாந்தஸ் இருந்தது. வாள்போல நீண்ட இலையும், நீலப் பூப்பந்தும் கொண்ட செடி. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பாதையோரம் நிறையப் பார்த்திருப்பீர்கள். அதன் இலைகளும் நுனி கருகிச் சாய்ந்திருந்தன. பிழைக்காது என்று நினைத்து அடியோடு வெட்டிவிட்டேன். மார்ச் கடைசியில் பார்த்தால், வெட்டிய இடத்திலிருந்து பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கிறது.

"ரெண்டுமே தண்ணி இல்லாம தாங்கும்னுதானேக்கா நர்சரில சொன்னாங்க? அப்புறம் இது மட்டும் ஏன் செத்துச்சு?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண். நர்சரியில் சொன்னதில் தப்பில்லை. இரண்டும் வறட்சியைத் தாங்குபவைதான். ஆனால் தாங்குகிற வழி வேறு. ஒன்று தண்ணீரை இலையில் வைத்திருக்கிறது. மற்றது மண்ணுக்குள் வைத்திருக்கிறது. எங்கள் மலையில் இந்த வித்தியாசம்தான் ஒரு செடியின் உயிரைத் தீர்மானிக்கிறது.

எச்சிவேரியா மெக்சிகோ மலைச்சரிவுகளின் செடி. அந்நாட்டு ஓவியர் அத்தனாசியோ எச்செவெரியாவின் நினைவாக வைத்த பெயர். ஓர் இலையைக் கிள்ளி விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பூச்சு ஒன்று கையோடு வரும், தடவிய இடம் பச்சையாகத் தெரியும். அது மெழுகுப்பொடி. வெயிலைத் திருப்பியடிக்கவும், ஈரம் ஆவியாகாமல் காக்கவும் செடி தானே பூசிக்கொண்டது. ஒருமுறை போனால் அந்த இலையில் மறுபடி சரியாக வராது. அதனால்தான் தொட்டுப் பார்க்க வருகிற குழந்தைகளிடம் "கண்ணால மட்டும் பாரு கண்ணு" என்று கெஞ்சுவேன். கிள்ளிய இலையை அப்படியே ஒரு தட்டில் போட்டு வையுங்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமலேயே சில வாரங்களில் இளஞ்சிவப்பு வேரும் குட்டிச் செடியும் முளைக்கும். தாய் இலை தன்னிடம் இருக்கும் நீரைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டுத் தான் சுருங்கிப்போகும்.

இதைவிடப் பெரிய வித்தை அதன் மூச்சில் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்குகின்றன. அதே துளை வழியாக ஈரமும் வெளியே போய்விடும். எச்சிவேரியா பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கிச் செல்களுக்குள் சேர்த்து வைக்கிறது. ஆப்பிளுக்குப் புளிப்பு தருவதும் இதே அமிலம்தான். விடிந்ததும் துளைகளை மூடிவிட்டு, அந்த அமிலத்திலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. சாதாரணச் செடி ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கும். இந்த வகைச் செடிக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

இதை நாக்காலேயே கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டு. மெட்ராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், தன் தோட்டத்து ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும், நடுப்பகலில் சப்பென்றும், சாயங்காலம் லேசாகக் கசந்தும் இருப்பதை 1813-இல் எழுதிய ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். ரணகள்ளியும் எச்சிவேரியாவும் ஒரே குடும்பம்: கிராசுலேசியே. இந்த வழிமுறைக்கே பின்னால் அந்தக் குடும்பத்தின் பெயர்தான் வந்தது. நம் ஊர் ரணகள்ளியைக் கடித்த ஒரு மனிதரின் குறிப்பு உலகத் தாவரவியலில் இடம்பிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

சரி, அகபாந்தஸுக்கு வருவோம். அது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. மெழுகுப்பொடி, இரவு மூச்சு எதுவும் அதனிடம் கிடையாது. பகலில் மூச்சு விடும் சாதாரண இலைதான். மண்வெட்டியால் ஒரு தூரைப் பெயர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சுண்டுவிரல் பருமனில், வெள்ளை வெளேரென்று, பின்னிப் பிணைந்த வேர்கள். ஒடித்தால் முள்ளங்கிபோல நறுக்கென்று முறிந்து நீர் கசியும். அவற்றுக்கு மேலே தடித்த கிடைத்தண்டு. தொட்டியில் வைத்தால் இந்த வேர்கள் பெருத்துத் தொட்டியையே பிளந்துவிடும். தண்ணீர் கிடைக்காவிட்டால் செடி மூச்சைக் குறைத்துக்கொள்கிறது. பழைய இலைகளைக் கைவிட்டாவது தூரைக் காப்பாற்றிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் புல்வெளிகளில் வளரும் சில வகைகள் குளிர்காலத்தில் இலை முழுவதையுமே உதிர்த்துவிடும். அங்கேயும் குளிரும் வறட்சியும் ஒரே சமயத்தில்தான் வரும்.

நீலகிரியின் கதையும் அதேதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மேகம் விலகி வானம் துடைத்துவிட்டதுபோல ஆகிவிடும். மேகம் இல்லாததால் மழை இல்லை, மண் காய்கிறது. அதே மேகம் இல்லாததால்தான், பகலில் மண் வாங்கிய சூடு இரவில் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாவும் காந்தலும் வெள்ளையாகிற அன்று, மேட்டு வீட்டுத் தோட்டத்தில் ஒரு புல்லும் வெளுக்காமல் இருப்பது இதனால்தான். ஆக, எங்கள் ஊரில் வறட்சியும் உறைபனியும் ஒரே வானத்திலிருந்து வருகின்றன.

இன்னும் சொன்னால், இலைக்குள் உறைபனி செய்கிற வேலையும் வறட்சியின் வேலைதான். பனிக்கட்டி முதலில் செல்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகிறது. உருவானதும் செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றி, அதன் சவ்வு கிழிகிறது. எச்சிவேரியாவின் செல்கள் பெரியவை, சுவர் மெல்லியது, உள்ளே நிறையத் தண்ணீர். வறட்சியில் காப்பாற்றிய சேமிப்பே அன்று எமனாகிறது. அகபாந்தஸின் இலையும் அப்படித்தான் சாகிறது. ஆனால் அதன் சேமிப்பு நாலு அங்குலம் மண்ணுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஆழத்துக்கு எங்கள் பனி இறங்குவதில்லை.

அதற்காக எச்சிவேரியாவை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். குளிர்ந்த இரவும் வெயிலான பகலும் அதன் இரவு மூச்சுக்கு நன்றாகவே ஒத்துவரும். மேட்டில் வீடு இருந்தால் தைரியமாக வைக்கலாம். பள்ளத்து வீடென்றால் தொட்டியில் வைத்து, தாழ்வாரத்துக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். நவம்பரிலிருந்தே தண்ணீரை வெகுவாகக் குறைத்துவிட வேண்டும். நீர் குறைந்து சாறு கெட்டியான இலை குளிரைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பனி பெய்யப் போகிறதே என்று பாவப்பட்டு முந்தின நாள் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரிய தவறு. நானும் அதைத்தான் செய்திருந்தேன். ஜூன், ஜூலைச் சாரலிலும் அதற்குக் கூரை வேண்டும். வாரக்கணக்கில் இலையடுக்கில் நீர் நின்றால் நடுக்குருத்து அழுகிவிடும். கலவையில் பாதிக்குப் பாதி சரளையும் ஆற்றுமணலும் இருக்கட்டும்.

அகபாந்தஸுக்கு நம் தாத்தாக்கள் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும் போதும். நன்றாகக் காயவிட்டு, பிறகு நிறைய ஊற்றுவது. சாரல் மழையும் அதை ஒன்றும் செய்யாது, நீர் வடிந்தால் சரி. சரிவான வரப்பில் நட்டால் அந்த வேர்ப்பின்னல் மண்ணையும் பிடித்து நிறுத்தும். ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: பூ வாடியதும் காம்பை வெட்டிவிட வேண்டும். நியூசிலாந்தில் இதே செடி விதை பரப்பித் தோட்டத்தை விட்டு வெளியேறி, களையாகிவிட்டது. அழகுக்கென்று கொண்டுவந்த உண்ணிச்செடி எங்கள் காட்டை என்ன செய்தது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இப்போது வாசலோரம் முழுக்க அகபாந்தஸ்தான். எச்சிவேரியாவில், கூழாவதற்கு முன் கிள்ளி எடுத்த ஏழு இலைகள் மட்டும் சமையலறை ஜன்னலில் ஒரு பழைய தட்டில் கிடந்தன. ஐந்து வேர் விட்டன. அதில் இரண்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் வீடு எங்களுக்கு மேலே, முப்பது படி ஏறினால் வரும்.