கோடைத் தண்ணீர்: முதலில் ஒழுகலைத் தேடுங்கள்

கோடை பிறந்ததும் வீடுகளில் கேட்கிற முதல் அறிவுரை, பல் துலக்கும்போது குழாயை மூடச் சொல்வதுதான். நல்ல பழக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் யாரும் குழாய்ப் பக்கமே போகாத நேரத்தில் மேல்தொட்டி குறைகிற வீடுகள் ஏராளம். அந்த ஓட்டையை அடைக்காமல் குழந்தைகளை மட்டும் அதட்டிப் பயனில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டபோது சென்னை லாரித் தண்ணீரை நம்பியிருந்தது. காசு கொடுத்து வாங்கிய தண்ணீரும் அதே ஓட்டை வழியாகத்தான் போகும்.

கண்டுபிடிக்க ஒரு குச்சி போதும். இரவு படுக்கும்முன் மோட்டார் ஓடவில்லை என்று உறுதிசெய்துவிட்டு, தொட்டியின் அடிவரை குச்சியை விட்டு நனைந்த உயரத்தைக் குறியுங்கள். விடியற்காலையில் முதல் ஆள் எழுந்ததும் மறுபடி பாருங்கள். இடையில் யாராவது கழிவறைக்குப் போயிருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 1.1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1 செ.மீ. என்பது சுமார் 9.5 லிட்டர், 3 செ.மீ. குறைந்திருந்தால் ஏறத்தாழ 28 லிட்டர் ஒரே இரவில் போயிருக்கிறது. அடுத்த இரவு ஒரு குளியலறையின் வால்வை மட்டும் மூடிவிட்டுச் சோதியுங்கள். குறைவது நின்றால் கசிவு அந்த அறையில்தான்.

பெரும்பாலும் அகப்படுவது ஃப்ளஷ் டேங்க். சத்தமில்லாமல், கோப்பையின் ஓரமாக ஒரு நூல்போல இறங்கும் என்பதால் கண்ணில் படாது. டேங்கின் மூடியைத் திறந்து கொஞ்சம் கேசரி பவுடரைக் கரைத்துவிட்டு, அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால், பெரும்பாலும் அடியிலுள்ள ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். போர் தண்ணீரின் உப்பு அதில் படிவது ஒரு காரணம். டேங்குக்குள் போடும் குளோரின் கலந்த மாத்திரைகள் ரப்பரை அரிப்பது இன்னொன்று. அந்த மாத்திரையை நிறுத்திவிடுவதே நல்லது. டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி, டேங்கைக் காலிசெய்து, வாஷரைக் கழற்றி உப்பைத் துடைத்துப் பாருங்கள். விறைத்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். கண்ணளவில் வாங்கினால் விட்டம் பொருந்தாமல் மறுபடி கசியும்.

வாஷர் சரியாக இருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் மிதவையைப் பாருங்கள். அது உயரமாக இருந்தால் நிரம்பிய தண்ணீர் நடுவிலுள்ள வழிகுழாய்க்குள் இடைவிடாமல் விழும். குழாயின் வாய்க்கு 2.5 செ.மீ. கீழே மட்டம் நிற்கும்படி மிதவையின் திருகைச் சரிசெய்தால் போதும்.

பழைய 10 லிட்டர் டேங்க் என்றால், தண்ணீர் நிரப்பி மூடிய 1 லிட்டர் பாட்டிலை மிதவையில் இடிக்காதபடி உள்ளே வைக்கலாம். செங்கல் வேண்டாம், கரைந்து, அந்தத் துகள் வாஷருக்கு அடியில் போய் உட்காரும். பாட்டில் வைத்தபின் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

சமையலறைக் குழாய்க்கு வருவோம். 10 லிட்டர் வாளி 40 விநாடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டுகிறது. பாத்திரம் கழுவ அதில் பாதியே அதிகம். குழாய் முனையில் ஏரேட்டர், அதாவது தண்ணீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சிறு வலைமுனை, பொருத்துங்கள். வாளி நிரப்பும் குழாய்க்கு அது தேவையில்லை, நேரம்தான் ஆகும். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் ஏரேட்டரின் வலை அடைத்துக்கொள்ளும்; கழற்றி வினிகரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் திறந்துவிடும்.

ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை இருக்கலாம். உங்கள் தண்ணீர் அதற்குள் இருந்தால், உப்புக்காக ஆர்ஓ தேவையில்லை. ஆர்ஓ ஏற்கெனவே இருக்கிறதென்றால் அதன் கழிவுநீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள். 800 மி.கி. உள்ள தண்ணீர் உள்ளே போனால் வெளியே வருவது 1,000 மி.கி.க்கும் மேல். தொட்டிச் செடியில் அந்த உப்பு தங்கி, இலை ஓரம் கருகும். செடிக்கு ஏற்றது அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரும்தான். சலவை இயந்திரத்தின் கடைசி அலசல் நீரை மரங்களுக்கு விடலாம். சோப்பின் சோடியம் மண்ணை இறுக்கும் என்பதால் இடையிடையே நல்ல தண்ணீரும் விட வேண்டும். அலசல் நீரைத் தேக்கிவைத்தால் ஒரே நாளில் நாறும். கீரை, புதினா, கொத்தமல்லிக்கு வேண்டவே வேண்டாம்.

தோட்டத்தில் விரயமாவது பெரும்பாலும் வெறும் மண்ணிலிருந்து ஆவியாகும் ஈரம். மூடாக்கு போடாமல் இருவேளை ஊற்றுவதைவிட, 5 முதல் 7 செ.மீ. தடிமனுக்குச் சருகு பரப்பிவிட்டு ஒருவேளை ஊற்றுவது மேல். தண்டைச் சுற்றி நான்கு விரல் இடம் விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். தென்னை இருந்தால், மரத்திலிருந்து 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் நூறு உரிமட்டைகளை, மேடான பக்கம் மேலே இருக்கும்படி பரப்பச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம். மட்டை கிடைக்காவிட்டால் 15 காய்ந்த ஓலை, அல்லது 10 செ.மீ. உயரத்துக்கு நார்க்கழிவு.

ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால், மேலே காய்ந்து தெரிந்தாலும் அன்று தேவையில்லை. உச்சிவெயிலில் இலை துவண்டு மாலையில் தானாக நிமிர்ந்தால் அது தாகமல்ல. விடியற்காலையிலும் துவண்டிருந்தால்தான் உடனே தண்ணீர் வேண்டும்.

பாகல், புடலை, பூசணிக்குப் பானைப் பாசனம் அருமையாக வரும். வர்ணம் பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, வாய் மண்ணுக்கு மேலே இரண்டு விரல் தெரியும்படி விட்டு, சுற்றிலும் விதை ஊன்றுங்கள். பானையில் தண்ணீர் நிரப்பினால் அது சுவர் வழியாக மெல்லக் கசியும், வேர் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்ளும். ஐந்து லிட்டர் பானை எத்தனை நாளில் காலியாகிறது என்பதைப் பார்த்து நிரப்பும் நாளை முடிவுசெய்யுங்கள். காலியாகவே இல்லையென்றால் நுண்துளைகள் உப்பால் அடைத்திருக்கும். எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி மறுபடி புதையுங்கள். வாயை இறுக்கமாக மூட மறக்காதீர்கள், டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுவது இதுபோன்ற தேங்கிய நல்ல தண்ணீரில்தான்.